தேர்தலுக்குத் தேர்தல் உயர்ந்த தெரு

என் தம்பி பதினோரு வருடம் என்னிடம் நேராகப் பேசவில்லை. எங்களுக்குள் சொத்துத் தகராறு கிடையாது. அப்பா வீட்டை அவன் பெயருக்கு நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு தெருவுக்குச் சாலை போட்டதில் வந்த பிரிவு இது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சாலை போட்டதற்கா அண்ணன் தம்பி பேசாமல் போவார்கள் என்று கேட்கிறார்கள். அந்தச் சாலையைப் போட்டவன் நான்.

அரசு வேலையில் பொறியாளனாக இருந்தேன். எந்த அலுவலகம், அப்போது எந்தக் கட்சி ஆட்சி என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் பாதிப் பழியை அந்தப் பெயரின் மேல் போட்டுவிட்டு என்னை விட்டுவிடுவார்கள். என் முப்பத்து நான்கு வருட வேலையில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. சுவரில் மாட்டிய படம் மாறியது. தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் நடந்த வேலை மட்டும் ஒருபோதும் மாறவில்லை.

எங்களுடையது பட்டு நெய்கிற குடும்பம். காஞ்சிபுரத்தில் கோயில் மதிலை ஒட்டி, சாமி புறப்பாடு வருகிற தெருவில் வீடு. அப்பா என்னைப் படிக்க அனுப்பினார், தம்பியைத் தறியில் உட்காரவைத்தார். இருவரையும் கேட்டு அவர் அந்த முடிவை எடுக்கவில்லை. தம்பிக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அவன் கைக்குத் தனிப் பெயர் இருந்தது. அவன் நெய்த சேலையில் உடலும் கரையும் சேருமிடத்தைத் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படாது. கல்யாணம் ஆனதும் நான் செவிலிமேட்டில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டேன். ஆனாலும் அலுவலகம் போகும் வழியில் தினமும் தம்பி வீட்டில் ஸ்கூட்டரை நிறுத்துவேன். அவன் தறியில் இருந்தபடியே "ணா" என்பான். முதலெழுத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வது அவன் வழக்கம். தம்பி மனைவி டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே வருவாள். பத்து நிமிடம்தான் உட்காருவேன். பெரிதாக எதையும் பேசிக்கொண்டதில்லை. முட்டை விலை, ஜரிகை விலை, ராத்திரி பல்லி எங்கே கத்தியது, இவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் நான் அலுவலகத்துக்குப் போன நாட்கள் அப்போது மிகக் குறைவு.

எங்கள் தெரு கிழக்கே மேடு, மேற்கே இறக்கம். தம்பி வீடு மேற்குக் கோடியில் கடைசி வீடு. தெருவில் விழுகிற மழையெல்லாம் அவன் வாசலைத் தொட்டுத்தான் பெரிய கால்வாய்க்குப் போக வேண்டும். அப்பா காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம்.

தம்பியின் தறி குழித்தறி. நெய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அடியிலிருக்கும் மிதிகளை மிதித்து நெய்வார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். கட்டிலில் படுத்திருக்கிறவன் எழுந்திருப்பதற்குள் குழி நிறைந்துவிடும்.

சாலை போடுவதற்கு முறை உண்டு. பழைய சாலையைக் கொத்தி அள்ளிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அப்போதுதான் தெருவின் மட்டம் உயராது. கொத்துவதற்கு நாளாகும். தெருவும் ஒரு வாரம் புழுதியாகக் கிடக்கும், ஜனங்கள் திட்டுவார்கள். தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்க முடியாது. எனவே ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் அவசரம்தான். பழையதன் மேலேயே புதியதைப் போடுவோம். கொத்தி அள்ளியதாக அளவுப் புத்தகத்தில் எழுதுவோம். இப்படி எங்கள் தெரு தேர்தலுக்குத் தேர்தல் அரை அடி, முக்கால் அடி என்று உயர்ந்தது. அப்பா வைத்த மூன்று படியில் ஒன்று போனது, பிறகு இன்னொன்று போனது. மேலே இருக்கிறவர்கள் வாசலை உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். தறிக்குழியை யாரால் உயர்த்த முடியும்?

பதினோரு வருடத்துக்கு முன் வந்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு இரண்டு வேலைகள் காகிதத்தில் இருந்தன. ஒன்று மழைநீர்க் கால்வாய். நான்தான் அதற்கு வரைபடம் போட்டேன். மேற்குக் கோடியில் தேங்கும் தண்ணீரை நேராகப் பெரிய கால்வாயில் கொண்டுபோய் விடுகிற திட்டம். மற்றொன்று சிமெண்ட் சாலை. இரண்டுக்கும் நிதி போதாது என்று ஆனபோது, வார்டு உறுப்பினர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆளுங்கட்சிக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

"இன்னா சார், கால்வாய்ங்கறீங்க? தோண்டி மூடிட்டா அது யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? ஓட்டு போட வர்றவன் கால்வாய்க்குள்ள பூந்தா வரப்போறான்? ரோட்டு மேலதான சார் வருவான்!"

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மழை வந்தா மேற்குப் பக்கம் தண்ணி நிக்கும்" என்றேன்.

"மழை எப்ப வரும்? ஐப்பசில வரும். எலெக்ஷன் எப்ப வரும்? மொதல்ல அத பாப்போம் சார். நம்ம வூட்டு காசா? கவர்மெண்ட் காசு. ஜனங்க காச ஜனங்களுக்கே போடறோம், புண்ணியம்தான்."

இந்தப் பேச்சில் எது பொய் என்று அன்றைக்கு என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முடியும். ஜனங்கள் காசை எடுத்து, ஜனங்களுக்கு வேண்டியதைச் செய்யாமல், ஜனங்கள் கண்ணுக்குத் தெரிவதைச் செய்தோம். அந்த வித்தியாசத்தில் இருப்பதுதான் ஓட்டு. கால்வாய்க்கான நிதியைச் சாலைக்கு மாற்றும் குறிப்பை என் கையாலேயே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'பொதுமக்கள் கோரிக்கை' என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் தெருக்காரர்களுக்குச் சிமெண்ட் சாலை வேண்டியிருந்தது. விடியற்காலையில் அவர்கள் தெருவில்தான் தறிக்கான பாவு நூலை விரிப்பார்கள். புழுதியும் சேறும் இல்லாத வழுவழுப்பான தெரு கிடைத்தால் பட்டு நூல் அழுக்காகாது. கால்வாய் வேண்டியிருந்தவன் கடைசி வீட்டுக்காரன் ஒருவன்தான்.

அவனுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு காலை காபியோடு உட்கார்ந்தபோது கேட்டான்.

"ணா, கால்வா இல்லியாமே?"

"அடுத்த வருஷம் வரும்டா."

"சரி, வராட்டி போவுது. ரோட்டயாவது கொத்தி எடுத்துட்டு போடச் சொல்லு. இன்னும் ஒரு சாண் ஏத்துனீங்கன்னா வாசப்படி தெருவுக்குக் கீழ போயிடும். குழிக்குள்ள மீன்தான் புடிக்கணும்."

"எஸ்டிமேட்டுல கொத்துறதுன்னுதான் இருக்குது" என்றேன்.

இருந்தது. எஸ்டிமேட்டில் அது எப்போதும் இருக்கும்.

அவன் என்னை நம்பிவிட்டான். பூமிபூஜை அன்று காலை, தேங்காய் உடைத்ததும் ஜல்லி லாரி வந்து பழைய சாலையின் மேலேயே கொட்டியபோதுதான் அவனுக்குப் புரிந்தது. நெய்துகொண்டிருந்தவன் அப்படியே எழுந்து லுங்கியோடு வந்தான். வார்டு உறுப்பினர், கட்சிக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தோம். எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொத்தாம போடக் கூடாது" என்றான் தம்பி. "காகிதத்துல கொத்துறதுன்னுதான் கீது. எங்க அண்ணனே சொன்னாரு. கேட்டுக்கோங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வார்டு உறுப்பினர் சிரிப்பு மாறாமல், "உங்க தம்பி எந்தக் கட்சி சார்?" என்று கேட்டார். தெருக்காரர் ஒருவர், "நாப்பது வூட்டுக்கு ரோடு வருது, ஒரு வூட்டுக்காக நிறுத்தணுமா? உனக்கு வேணாம்னா தாண்டிப் போபா" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "அவனுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க போடுங்க" என்றேன்.

எனக்கு அப்போது இருந்த பயம் பெரிய பயமும் இல்லை. வேலை போய்விடாது. மாற்றல் வரும், அவ்வளவுதான். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது தெற்கே எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். மனைவிக்கு அப்போதே மூட்டுவலி. அதற்காகத்தான் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அத்தனை பேர் நடுவில் தம்பி பக்கம் நிற்பதற்குக் கூச்சமாக இருந்தது. பொறியாளராக மதிக்கிறார்கள், கேசரியை முதலில் என்னிடம் நீட்டுகிறார்கள். லுங்கியோடு கத்துகிறவனின் அண்ணனாக அந்த நேரத்தில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவன் என்னை மன்னித்திருப்பான் என்று இன்னமும் நினைக்கிறேன். அதற்கு அடுத்த நாள் காலையில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்குத் தம்பி பாவு விரிக்கிற நாள். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை முழு நீளத்துக்கும் தெருவில் விரித்து, கவைக்கோல்களின் மேல் தாங்கலாக நிறுத்தி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். இதற்கு நாலைந்து பேராவது வேண்டும். ஆளுக்கொரு கோலைப் பிடித்துக்கொண்டு, பாவு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் வீட்டுப் பாவு விரித்தாலும் தெருவில் இருக்கிறவர்கள் வந்து பிடிப்பார்கள். கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டாம். தெருவில் பாவு விரிவதைப் பார்த்தால் பல் துலக்கிக்கொண்டிருக்கிறவனும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவான். அது எங்கள் தெருவின் பழக்கம்.

அன்று யாரும் வரவில்லை.

சாலையின் அகலத்தைச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் குறிப்பதற்காக நான் விடிந்ததும் வந்திருந்தேன். வார்டு உறுப்பினரும் பக்கத்தில் இருந்தார். தம்பியும் அவன் மனைவியும் பாவை விரித்துவிட்டு இரண்டு முனையிலும் நின்றார்கள். நடுவில் கோல்கள் ஆள் இல்லாமல் சாய்ந்தன. தெருவில் எல்லா வீட்டிலும் கதவு திறந்திருந்தது. ரேடியோ பாடியது, யாரோ பாத்திரம் துலக்கினார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. யாரும் போய்ப் பிடிக்கக் கூடாது என்று ராத்திரியே கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தம்பி அங்கிருந்து கூப்பிட்டான்.

"ணா! அந்தக் கோல கொஞ்சம் புடி ணா!"

முதல் நாள் நடந்த எதையும் அவன் குரலில் காட்டவில்லை. காலையில் காபிக்குக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டான்.

எனக்கும் அந்தக் கோலுக்கும் நடுவில் இருபது அடி இருக்கும். வார்டு உறுப்பினர் என் முகத்தைப் பார்த்தார். நான் அளவு நாடாவைக் குனிந்து பார்த்தபடி, "இதோ வர்றேன்" என்றேன்.

போகவில்லை.

நாடாவைச் சுற்றினேன், பிரித்தேன், ஒருமுறை அளந்ததையே மறுபடி அளந்தேன். பாவு நடுவில் தொய்ந்து, நான் கொட்டச் சொன்ன ஜல்லிக் குவியலின் மேல் படிந்தது. ஈரப் பட்டு நூல் கல்லில் உரசினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தெருமுனையில் ஜரிகைக் கடை வைத்திருந்த பாய், கடையைத் திறந்துகொண்டிருந்தவர், ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்குப் பாவு பிடித்துப் பழக்கம் இல்லை. கோலைத் தூக்கிக்கொண்டு, "எப்டிமா புடிக்கறது, சொல்லுமா, ஒசரமாவா, தாழ்வாவா?" என்று தம்பி மனைவியிடம் கத்திக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்குக் காபி குடிக்கவில்லை. அதற்குப் பிறகும் குடிக்கவில்லை.

சாலை நான்கு நாளில் முடிந்தது. கல்வெட்டு திறந்தார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். தட்டில் விழுந்ததை எண்ணிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். மறுவாரம் தேர்தல் தேதி வந்தது. எங்கள் வார்டில் அவர்கள் நினைத்தபடியே ஓட்டு விழுந்தது. அளவுப் புத்தகத்தில், 'பழைய தளம் கொத்தி அகற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டாவது நாள் மாலையில் தெருத் தண்ணீர் முழுவதும் கடைசி வீட்டுக்குள் போனது. அடைமழை நிற்க ஐந்து நாள் ஆனது. தறிக்குழியில் சேற்றுத் தண்ணீர் விளிம்புவரை நின்றதாகவும், தறியில் இருந்த கல்யாணச் சேலை பாதி நெய்தபடியே ஊறிப்போனதாகவும் பாய் சொன்னார். அந்தச் சேலை யாருக்கோ முகூர்த்தத்துக்கு. தம்பி அவர்களுக்கு எப்படிப் பதில் சொன்னான் என்று தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் வெள்ள வேலை என்று சொல்லிக்கொண்டேன். வெள்ள வேலை உண்மையாகவே இருந்தது. படகில் போய்ச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தேன், வேறு தெருக்களில்.

தை பிறப்பதற்குள் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குச் சொல்லவில்லை. "மாகறல்ல மேடா ஒரு வூடு பாத்துக்கினு போயிட்டாரு சார். ஊர் மேட்டுல கீதாம், தண்ணி ஏறாதாம்" என்று பாய்தான் சொன்னார். "நீங்க ஒரு வாட்டி போய் பாருங்க சார். ரத்த சொந்தம்" என்றார். பார்க்கிறேன் என்றேன். அதுவும் 'இதோ வர்றேன்' போலத்தான்.

நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பத்து நிமிடத்தின் இடம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. காலை ஏழரை மணி வந்தால் உடம்பு தானாக எழுந்து நின்றது. எங்கே போவதற்கு என்று தெரியாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். டவுன் பஸ் போகும். சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். என் மனைவி, "போய்ட்டு வந்துடுங்களேன். எத்தன நாளைக்கு இப்டி வாசல்லயே நிப்பீங்க?" என்பாள். எங்கே என்று அவளும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

ஒருமுறை, சின்ன வயதில், தாமல் ஏரி நிரம்பி வழிகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் ஒரே சைக்கிளில் போனோம். போகும்போது நான் மிதித்தேன், வரும்போது அவன் மிதித்தான். எதிர்க்காற்று. முதுகை வளைத்து மிதித்துக்கொண்டே, "நீ எறங்காத ணா, நான் இழுத்துடுவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ஓய்வுக்குப் பிறகு இந்த ஒரு நினைவு ஏனோ அடிக்கடி வந்தது. தூக்கத்தில் அல்ல, சோற்றைப் பிசையும்போது, வங்கியில் வரிசையில் நிற்கும்போது.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி போய்விட்டாள். செய்தி போய் இரண்டு மணி நேரத்தில் தம்பி வந்துவிட்டான். செய்ய வேண்டியதையெல்லாம் முன்னின்று செய்தான், பந்தல்காரனிடமிருந்து சுடுகாடுவரை. அண்ணிக்காக அழுதான். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நெய்ப்பந்தம் ஏந்தியவர்கள் சுற்றி வந்தபோது, "அவர அந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொல்லு" என்று அவன் மனைவியிடம் சொன்னான். நெருப்புப் படக்கூடாது என்ற அக்கறையில் சொன்னது. 'அவர்' என்பது நான்.

அதன் பிறகு வெட்கத்தை விட்டுவிட்டேன். வியாழக்கிழமைதோறும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி மாகறலுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அவன் வீடு சிவன் கோயிலுக்குப் பின்பக்கம், நல்ல மேட்டில் இருக்கிறது. இரண்டு தறி ஓடுகிறது. மகனும் நெய்கிறான். நன்றாக இருக்கிறான், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் போனால் தம்பி மனைவி, "வாங்க மாமா" என்று நாற்காலி போடுவாள். தம்பி தலையைத் தூக்கமாட்டான். பேச்செல்லாம் அவள் வழியாகத்தான்.

"அவரு சாப்ட்டாரான்னு கேளு."

"சாப்ட்டீங்களா மாமா?"

"ஆச்சும்மா. அவனுக்கு முதுகுவலி எப்டி இருக்குது?"

"எப்டி கீதுன்னு கேக்கறாரு."

"இருக்குதுன்னு சொல்லு."

மூவரும் ஒரே அறையில் இருப்போம். முதலில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சில சமயம், "நான் இன்னா போஸ்ட் ஆபீஸா?" என்று இரண்டு பேரையும் திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்போது அறையில் தறியின் சத்தம் மட்டும் இருக்கும். அவள் திரும்பி வரும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது மறுபடியும் தேர்தல் வரப்போகிறது. எங்கள் பழைய தெருவுக்கு மறுபடியும் சாலை என்று கேள்விப்பட்டேன். தெருக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசப்போவதாகப் பாய் போனில் சொன்னார். போனேன். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கட்சி வேறு, துண்டின் நிறம் வேறு. ஒரு இளம் பொறியாளர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

பேச அனுமதி கேட்டு எழுந்தேன். "இந்தத் தெருவில் இப்போது இருக்கிற சாலைக்குக் கீழே இன்னும் மூன்று சாலைகள் இருக்கின்றன. கொத்தி அள்ளியதாகப் புத்தகத்தில் எழுதியவன் நான். அள்ளவில்லை. இந்தத் தெருவுக்கு வந்த கால்வாய் நிதியைச் சாலைக்கு மாற்றியதும் நான்தான். அதனால் கடைசி வீடு முழுகியது. அது என் தம்பி வீடு. இந்த முறையாவது கொத்திவிட்டுப் போடுங்கள். என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள்" என்றேன்.

என்னென்னவோ நடக்கும் என்று எண்ணிப் போனேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார்.

"தாத்தா, நீ சொல்றது ஞாயம்தான். ஆனா ரோடு போடறத கெடுத்து வுட்டுடாத. எலெக்ஷன் முன்னாடி போட்டாத்தான் உண்டு. முடிஞ்சிட்டா ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்க மாட்டான். கொடுக்கறப்ப வாங்கிக்கணும், அவ்ளோதான்."

கைதட்டினார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கக் கை நீட்டுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது தன் காசுதான் என்பதும் தெரிந்திருக்கும். கேட்டு வாங்க முடியாததை, கொடுக்கும்போதாவது வாங்கிக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. வெளியே வந்தபோது அந்த இளம் பொறியாளர் செருப்பை மாட்டிக்கொண்டே அருகில் வந்து, "நீங்க சொன்னது கரெக்ட்டுதான் சார். ஆனா டைம் இல்ல சார். டேட் அனவுன்ஸ் பண்ணிடுவாங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாலையைப் போட்டுவிட்டார்கள், பழையதன் மேலேயே.

போன வியாழக்கிழமை மாகறல் போனபோது இதைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். ஆனால் பாய் முந்திக்கொண்டு போனில் சொல்லிவிட்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் தம்பி மனைவி கேட்டாள்.

"கூட்டத்துல எழுந்து எல்லாத்தியும் சொல்ட்டீங்களாமே மாமா?"

"சொன்னேன்மா."

தறி ஓடிக்கொண்டிருந்தது. "ரோடு போட்டாங்களான்னு கேளு" என்றான் தம்பி.

"போட்டாச்சு" என்றேன், அவள் கேட்பதற்கு முன்.

"எவ்ளோ ஒசரம்னு கேளு."

"ஒரு சாண் இருக்கும்."

தறி நின்றது. தம்பி தலையைத் தூக்கினான். பதினோரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. அப்பாவைப் போலவே ஆகிவிட்டிருந்தான்.

"ரோட்டுக்காகவா நான் வூட்ட வுட்டு வந்தேன்னு நெனச்சிக்கினு கீற?" என்றான். "ரோடு யாரா இருந்தாலும் போட்டிருப்பான். நீ இல்லன்னா வேற ஒருத்தன். அது எனக்குத் தெரியாதா? நீ 'இதோ வர்றேன்'ன. நான் அத நம்பி முனையப் புடிச்சிக்கினு நின்னேன். வர மாட்டேன்னு சொல்லியிருந்தா, போய் நாலு பேரு கால்ல வுழுந்தாவது இட்டாந்திருப்பேன். பாவு தப்பிச்சிருக்கும். நீ வருவன்னே பாத்துக்கினு இருந்தேன்."

மன்னித்துவிடு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதை அங்கே வைத்தால், 'பரவாயில்லை' என்று அவன் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லும் கட்டாயத்தை அவனுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பி மனைவி வாசற்படியில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மாட்டிக்கொண்டான். மறுபடி தறி ஓட ஆரம்பித்தது.

வெகுநேரம் கழித்து, "அஞ்சரைக்கு பஸ்ஸு. அத வுட்டா ஏழு மணிக்குத்தான்னு அவர்கிட்ட சொல்லு" என்றான் அவளிடம்.

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் சொன்னது முழுக்க ஏச்சுதான், ஒரு சொல்கூட எனக்குச் சாதகமாக இல்லை. ஆனால் நடுவில் ஆள் வைக்காமல், 'நீ' என்று என்னைப் பார்த்துச் சொன்னது. அதை அவன் சொன்ன குரலிலேயே, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல், ஆறு வரும்வரை திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா பெரியவரே, கண்ணு எரியுதா, ஜன்னல சாத்தட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.